மிதித்தால் இறங்கும் டிரில்

என் கை நடுங்கியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசியில் நூல் கோக்கும்போது இப்போதெல்லாம் கண்தான் தகராறு செய்கிறது, கை சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆனால் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும், அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே கைநடுக்கம் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்ல வைத்தவள் நான். அதற்குக் காரணம் ஒரு டிரில் மெஷின்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றுக்கு இறங்கும் ஒரு சந்தில், இரண்டு அறை ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், வாய் கொஞ்சம் நீளம். அவர், அதாவது என் வீட்டுக்காரர், ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார். மீதி ஒன்பதையும் நான் பேசிக்கொள்வேன்.

சாயங்காலமானால் கரண்ட் போகும் காலம் அது. எமர்ஜென்சி லாம்ப் இல்லாத வீடு கிடையாது. அந்த லாம்புக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளை ஒரு சின்னக் கம்பெனி எங்களிடம் கொடுத்துச் செய்து வாங்கியது. பழுப்பு அட்டை. ஒரு பக்கம் செம்பில் கோடு கோடாகப் பாதைகள், ஒவ்வொரு பாதையின் முனையிலும் ஒரு செம்புப் பொட்டு. பொட்டின் நட்ட நடுவில் துளை விழ வேண்டும். அந்தத் துளையில் மறுபக்கத்திலிருந்து பாகங்களைச் சொருகி, செம்பின்மேல் ஈயம் வைப்பது என் வேலை. துளை போடுவது அவர் வேலை.

கடைக்குப் போகுமுன், காலையில்தான் துளை போடுவார். பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டார் ஒன்று வைத்திருந்தார். அதன் நுனியில், வயர்களை இணைக்கிற கனெக்டருக்குள் இருக்குமே ஒரு பித்தளைக் குழாய், அதை மாட்டி, குழாய்க்குள் துளை போடும் பிட்டைச் சொருகித் திருகி முறுக்கியிருந்தார். பிடிக்கத் தோதாக சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். ஊசித் தடிமன்கூட இல்லாத பிட், கொஞ்சம் சாய்ந்தாலும் பட்டென்று ஒடியும். அந்த மோட்டாரைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுத் தொட்டு எடுப்பார். ஙொய் என்று ஒரு சத்தம், தூள் பறக்கும், கருகிய பிசின் வாசனை வரும். மழைக்காலக் காலைகளில் ஓட்டில் தண்ணீர் விழும் சத்தமும் அந்த ஙொய்யும் ஒன்றாகக் கலந்து, அடுப்படியில் நிற்கிற எனக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாது.

ஒரு போர்டு முடிந்ததும் அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஏதாவது ஒரு துளை விட்டுப்போயிருந்தால் தெரிந்துவிடும். ஆற்றுப்பக்கமிருந்து வரும் வெளிச்சம் அந்தத் துளைகள் வழியாக உள்ளே வந்து அவர் சட்டையில் புள்ளி புள்ளியாக விழும். நான் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணமான முதல் வருஷத்தில் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம் எது என்று யாராவது கேட்டிருந்தால், அந்தப் புள்ளிகள் விழுந்த சட்டை என்றுதான் சொல்லியிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

அவர் பொன்முடி மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பேசுவது தமிழ், அதில் பாதி மலையாளம். பள்ளிக்கூடம் போக அடிவாரத்து விதுராவுக்கு இறங்கி வர வேண்டும், அங்கே படித்தது மலையாளம். தமிழில் ஓர் எழுத்துகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் அம்மா எனக்கு எழுதும் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "என்னைத் திட்டி எழுதியிருக்காங்க, அல்லே?" என்று கேட்டு என்னைச் சிரிக்க வைப்பார்.

அவருடைய அப்பாவைப் பற்றி மட்டும் சிரிப்பே வராது. அவர் அப்பாவுக்குக் கை நடுங்கும். டம்ளரைத் தூக்கினால் பாதி டீ தரையில் இருக்கும். ஒரு சொட்டு சாராயம் தொடாத மனுஷர், ஆனால் கை நடுங்குகிற ஆளை ஊர் என்னவென்று சொல்லும்? குடிகாரன் என்றுதான். லயத்து ஜனங்கள் வாய் கூசாமல் சொன்னார்கள். கல்யாண வீட்டில் அவர் கையில் பந்திக் கரண்டியைக் கொடுக்க மாட்டார்களாம். மனுஷர் கடைசிக் காலத்தில் இரண்டு கையையும் கம்பளிக்குள் ஒளித்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்து செத்துப்போனார். இதை என் வீட்டுக்காரர் எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டார்.

ஒரு வருஷம் பிட்டுகள் ஒடிய ஆரம்பித்தன.

முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு தினம் காலையில் ஒன்று. "பிட்டு சரியில்ல புள்ள, டூப்ளிகேட்டு" என்றார். பிறகு போர்டு சரியில்லை என்றார். பிறகு ஜன்னல் வெளிச்சம் போதவில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இவர் ஆடத் தெரியாதவர் இல்லையே. அதுதான் எனக்கு உறுத்தியது. ஒருநாள் சாப்பிடும்போது கையை நீட்டி அப்பளம் எடுத்தார். அப்பளம் விரலில் படபடவென்று ஆடியது. "கை என்ன ஆடுது, குளிருதா?" என்று நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவர், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றோடு எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தக் கதவைத் தட்டக் கூடாது என்று.

பிறகு ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது ரேடியோவுக்குப் பின்னால் ஒரு பழைய பவுடர் டின் கிடைத்தது. ஆட்டினால் கலகலவென்றது. திறந்தேன். அத்தனையும் ஒடிந்த பிட்டுகள். எனக்குத் தெரிந்து ஒடிந்ததைவிட எத்தனையோ பங்கு அதிகம். எனக்குத் தெரியாமல் அதிகாலையில் ஒடித்து, எனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி ஒரு மனுஷர் ஆறடி உடம்போடு தன் கையை என்னிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான்.

அந்த வாரமே கம்பெனிக்காரர் வந்தார், என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்த நேரத்தில். போர்டுகளைப் பரப்பிக் காட்டினார். துளைகள் பொட்டைவிட்டு ஓரமாக விழுந்திருந்தன. சிலவற்றில் செம்பே பிய்ந்திருந்தது. "சேச்சி, இனியும் இங்ஙனெ வந்தா சரியாவில்லா, கேட்டோ" என்றார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம். நான் தலையாட்டினேன். அந்த வேலை போனால் சோற்றுக்கு வழியில்லாமல் போய்விட மாட்டோம். ஆனால் ஏன் போனது என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவரும் தன் அப்பாவைப் போலக் கையை ஒளித்துக்கொண்டு ஏதாவது ஒரு வாசலில் உட்கார்ந்துவிடுவார். அதை என்னால் பார்க்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து யோசித்தேன். டாக்டரிடம் போங்கள் என்றால் போக மாட்டார். கைக்கு ஒத்தாசையாக மெஷின் செய்யுங்கள் என்றால் அதுவே அவர் கையைக் குத்திக் காட்டியதாகும். சரி, கை நடுங்குகிற ஆள் நானாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன். அங்கேயே கையை நீட்டி நடுக்கிப் பார்த்தேன். முதல் தடவை சாமியாடுகிற மாதிரி வந்தது. கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். "இஞ்ச பாருங்க, எனக்க கையில என்னவோ நடுக்கம் மாதிரி வருது. சொருகுத கம்பியெல்லாம் துளை விட்டு விலகிப் போவுது."

அவர் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தார். "எப்ப தொட்டு?"

"ரெண்டு மாசமாச்சு. ஒங்ககிட்ட சொல்லப் பயந்துட்டு இருந்தேன்."

"காட்டு."

நீட்டினேன். நடுக்கினேன். என் விரல்களை அவர் தன் உள்ளங்கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பொய்க்காக நடுங்கும் என் கையும் நிஜமாகவே நடுங்கும் அவர் கையும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. அவர் முகத்தில் கவலை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, ஆனால் கவலையோடு வேறு என்னமோவும் சேர்ந்து வந்தது. அது என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை. "சாரமில்ல புள்ள, ஒண்ணுமில்ல. பயப்படாத" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில், பொய் சொன்ன வாயோடு ஜெபத்துக்குக் கண்ணை மூடவே எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு ஒரு மெஷின் வேணும்" என்று மறுநாள் கேட்டேன். "துளை போடுததையும் நானே பழகிக்கிடுதேன். துளை ஒழுங்கா விழுந்தா, சொருகுததுக்குச் செரமம் இருக்காது. ஒங்க மோட்டாரைத் தாங்க." கொடுத்தார். சைக்கிள் டியூபைத் தானே பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். விட்டுக் கொடுத்ததில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

மெஷின் செய்வதென்றால் என்ன? மோட்டார் செங்குத்தாக இறங்க வேண்டும், நேராக ஏற வேண்டும், இங்கும் அங்கும் ஆடக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படி இறங்குகிற சாமான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பித்தளை இடியாப்ப அச்சு. மேலே கைப்பிடியைத் திருகத் திருக உள்ளே கட்டை இறங்கி மாவைத் தள்ளும். அந்தக் கட்டையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டாரை வைத்துக் கட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கைப்பிடியைத் திருகினேன்.

திருகு சுற்றினால் அதில் கட்டின மோட்டாரும் சேர்ந்துதானே சுற்றும்? இது எனக்குத் தோன்றவே இல்லை. மோட்டார் நான்கு சுற்றுச் சுற்றியது. வயர் அதோடு சுற்றிக்கொண்டு, இழுத்து, பிளக்கைப் பிடுங்கி, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரை மேஜையிலிருந்து கீழே தள்ளியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "எடீ, இடியாப்பம் பிழியறதுக்குப் பதில் போர்டு பிழியறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அதற்காக இன்னும் நான்கு டிரான்ஸ்ஃபார்மரை உடைக்கலாம் என்றிருந்தது எனக்கு.

சிரித்து முடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இதுல இன்னொரு தப்பும் இருக்கு. திருகவும் கை வேணும், அல்லே? நடுங்கற கைக்கு மெஷின்னா, கையைத் தூக்கற வேலையே இருக்கக் கூடாது. கை அந்தரத்துல நின்னாத்தான் ஆடும். மேஜைல நல்லா பதிச்சு வச்சா ஆடாது."

"அப்படியா?" என்றேன். இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த தருணங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

"அப்போ எறக்குததுக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"காலு இருக்கில்ல" என்றார்.

அதன் பிறகு அந்த மெஷின் எங்கள் இரண்டு பேருடையதாகிவிட்டது. சந்து முனையில் ஒரு மரப்பட்டறை இருந்தது. திருநெல்வேலிப் பையன்கள் கட்டிலும் அலமாரியும் செய்வார்கள். மேஜை டிராயரை இழுத்தால் சறுக்கி வருமே, அந்த இரும்புச் சேனல் ஒன்றை அங்கிருந்து வாங்கி வந்தேன். அதை ஒரு தடித்த பலகையில் நட்டமாக நிறுத்தி அறைந்தோம். படுக்கையாக ஓட வேண்டியது நின்றுகொண்டு ஓடியது. அதில் மோட்டாரைப் பைப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு இறுக்கினோம். சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று மோட்டாரிலிருந்து மேஜையின் ஓட்டை வழியாகக் கீழே இறங்கிக் கீல் வைத்த ஒரு பலகைக்குப் போனது. பலகையை மிதித்தால் மோட்டார் இறங்கும்.

இறங்கினது ஏற வேண்டுமே! முதலில் சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங்கைப் போட்டேன். அதை மிதிக்க யானை வேண்டும். பிறகு அவர் ஒரு வழி சொன்னார். மேலே ஒரு சின்னக் கப்பி, அதன்மேல் கயிறு, கயிற்றின் ஒரு முனையில் மோட்டார், மறுமுனையில் ஒரு காலி டின். ஆற்றங்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து டின்னுக்குள் டீ ஸ்பூனால் போட்டேன். ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன். மோட்டார் கீழேயே கிடந்தது. அடுத்த ஸ்பூனில் மெல்ல அசைந்தது. அதற்கடுத்த ஸ்பூனில் மேஜையை விட்டுக் கிளம்பி, ஒருவரும் தொடாமல், தானாக மேலே போய் நின்றது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விரலால் தொட்டால் இறங்கும், விட்டால் ஏறும். நான் கொஞ்ச நேரம் சும்மா அதைத் தொட்டு விட்டு, தொட்டு விட்டு விளையாடினேன். அந்த மத்தியானம் இன்னும் என் கனவில் வருகிறது. கனவில் மோட்டார் கூரையைத் தாண்டிப் போய்விடும்.

இதற்கிடையில் என் பொய் வீட்டுக்குள் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. கை நடுங்குகிறவள் கொதிக்கிற கஞ்சியை வடிக்கலாமா? கூடாதாம். "மாறு புள்ள, தள்ளி நில்லு, நான் எடுக்கறேன்" என்று அவர் பானையைத் தூக்குவார், அந்தக் கையால்! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். காலையில் டீ அவர்தான் ஊற்றுவார். டம்ளர் பாதி, தரை பாதி. அதை நான் வாங்கும்போது என் பங்குக்கு நானும் நடுக்க வேண்டும், மீதியில் பாதி போகும். இரண்டு வாய் டீதான் தேறும். "எனக்க தலையெழுத்து" என்று முணுமுணுப்பேன். அவர் அதை நோயைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு என் தலையைத் தடவுவார்.

மெஷின் முடிந்த காலையில் நான்தான் முதலில் உட்கார்ந்தேன். ஒரு போர்டு முழுக்கப் போட்டேன். ஒரு பிட்டும் ஒடியவில்லை. பிறகு வேண்டுமென்றே முகத்தைச் சுளித்தேன். "மிதிச்சு மிதிச்சு முட்டி வலிக்கி. நீங்க ஒரு போர்டு போடுங்க, நான் தோசை சுடட்டும்." அடுப்படிக்குப் போய்விட்டேன். தோசை ஒன்றும் சுடவில்லை. கதவு இடுக்கில் நின்று பார்த்தேன்.

முதலில் மணல் டின்னை விரலால் தொட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். போர்டின் இரண்டு ஓரத்திலும் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மேஜையோடு அழுத்தினார். மிதித்தார். ஙொய். போர்டைக் கொஞ்சம் நகர்த்தினார். மிதித்தார். மணல் டின் ஏறியது, இறங்கியது. அவர் கை ஆடவே இல்லை. இரண்டு கையும் அரிசி மூட்டை மாதிரி அமைதியாகக் கிடந்தன. எல்லாத் துளையும் போட்டு முடித்துவிட்டு, போர்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். தூக்கிப் பிடித்த கை ஆடியதால் சட்டையில் விழுந்த புள்ளிகளும் ஆடின. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்காரர் அடுத்த முறை வந்தபோது போர்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கொள்ளாம் சேச்சி" என்று சொல்லிவிட்டு, இரண்டு மடங்கு போர்டை இறக்கிவிட்டுப் போனார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நான் நினைத்தேன். என் பொய்யின் வேலை அதோடு முடிந்ததென்றும் நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை, கடையில் இருக்க வேண்டியவர் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். வந்து படியில் உட்கார்ந்தார். கையில் ஒரு மடித்த காகிதம்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றார்.

"என்னத்துக்கு? ஒங்களுக்கு என்ன?"

"எனக்கில்ல. ஒன் கைக்கு மருந்து கேக்க. நீ கூப்பிட்டா வர மாட்டே. அதான் ஒன் பேருல சீட்டு எடுத்து நான் போனேன்."

பாவி மனுஷன். தனக்காக ஒருநாளும் அந்தப் படியேறாதவர், எனக்காக ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வரிசையில் நின்றிருக்கிறார். டாக்டர் நோயாளி எங்கே என்று கேட்டாராம். வீட்டில் என்றாராம் இவர். டாக்டர் எரிச்சலோடு, சரி, எப்படி நடுங்கும் என்று காட்டுங்கள் என்றாராம். "நீ காட்டுன மாதிரியே காட்டலாம்னு கையை நீட்டினேன் புள்ள" என்றார். "நீட்டினா, நான் ஆட்டவே வேண்டியிருக்கல. அது பாட்டுக்கு ஆடுது. டாக்டர் போதும்னார். நிக்கல. மறுபடி போதும்னார். நிக்கல. பின்னே அவரு எழுந்து வந்து என் கையைப் பிடிச்சார்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உங்கள் அப்பாவுக்கு உண்டா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். உண்டு என்றிருக்கிறார். குடிப்பாரா? இல்லை. பின்னே இது குடியினால் வருவதல்ல, சில குடும்பங்களில் அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும், ஆளைக் கொல்லாது, முழுசாக விட்டும் போகாது, மாத்திரையில் கொஞ்சம் குறையும் என்றாராம். எத்தனையோ பேருக்கு இருக்கிறதாம்.

"எங்கப்பா குடிக்கல புள்ள" என்றார். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் யாரோ அன்றுதான் வந்து சொன்ன மாதிரிச் சொன்னார். "டாக்டரே சொல்லிட்டார். எங்கப்பாவுக்கு இருந்தது ஒரு அசுகம். குடி இல்ல." சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். கையால் முகத்தை மூடிக்கொள்ளக்கூட இல்லை. இரண்டு கையும் முழங்காலின்மேல், தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, நடுங்கிக்கொண்டே கிடந்தன. எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பிறகு அந்தக் காகிதத்தைப் பிரித்தார். டாக்டர் ஒரு சுழி வரையச் சொன்னாராம், கொசுவர்த்திச் சுருள் மாதிரி. இவர் வரைந்தது வளைந்து நெளிந்து, பல்லுப் பல்லாக இருந்தது. "இதுலதான் எவ்வளவுன்னு தெரியுமாம். நீயும் ஒண்ணு வரை, நோக்கட்டே" என்று பேனாவை நீட்டினார்.

இதோ, இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்காகத்தான் சொன்னேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று. வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவர் சொன்னார், "ஒண்ணு சொல்லட்டா? அன்னைக்கு நீ கையைக் காட்டினப்போ எனக்கு ஒரு சமாதானம் வந்துச்சு புள்ள. ஒனக்குச் சீக்கு வந்ததுல சந்தோஷப்படறேனேன்னு எனக்கே வெட்கமா இருந்துச்சு. ஆனா, நான் மட்டும் இல்லன்னு ஆச்சு. நீயும் கூட இருக்கேல்ல. அதான் இன்னைக்குப் பயமில்லாம கையை நீட்ட முடிஞ்சுது."

அன்று ஜன்னலோரம் அவர் முகத்தில் எனக்குப் புரியாமல் போனது அதுதான்.

பேனாவை வாங்கினேன். அவர் சுழிக்குப் பக்கத்தில் என் சுழியை வரைந்தேன், நெளித்து நெளித்து, பல்லுப் பல்லாக. அவர் குனிந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "ஒனக்கு என்னைவிட லேசுதான்" என்றார், ஆறுதலாக. அடுத்த வாரம் நீயும் வர வேண்டும் என்றார். மெஷின் வந்ததிலிருந்து எனக்கு எவ்வளவோ தேவலை, டம்ளர் பிடிக்கும்போது மட்டும்தான் என்று சமாளித்தேன். அந்தக் காகிதத்தை மெஷினின் பலகையில் ஆணியடித்து மாட்டினார். மறுநாள் கடையிலும் முதலாளியிடம் தானே கையை நீட்டிக் காட்டிச் சொல்லிவிட்டாராம். "வீட்டுல அவளுக்கும் உண்டு" என்பதையும் சேர்த்து. சந்து முழுக்கப் பரவ அது போதாதா?

எமர்ஜென்சி லாம்புகளின் காலம் போய்விட்டது. அந்த டின்னில் இப்போதும் அதே ஆற்று மணல்தான் இருக்கிறது. எப்போதாவது ஒரு துளை தேவைப்பட்டால் அவர் உட்கார்ந்து மிதிப்பார். காலையில் டீ இன்னமும் அவர்தான் ஊற்றுகிறார். பாதி தரையில். வாங்கும்போது நான் என் பங்கைக் கொட்டுகிறேன்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரால் வாசிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். நேற்று என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுத்து வரி மாறாம நேரா இருக்கே புள்ள, கை சுகமாயிடுச்சா?" என்று கேட்டார். குரலில் சந்தோஷம்தான், ஆனால் அதற்குக் கீழே ஒரு தனிமையும் இருந்தது.

அடுத்த வரியைக் கோணலாக எழுதினேன்.